தெள்ளுப்பூச்சிக்கு ஸ்பிரேயா, சொட்டு மருந்தா?

வேளச்சேரி வீட்டில் பூனையைச் சீவியபோது கருப்புத் துகள்கள் உதிர்ந்தன. ஈரப் பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கரைந்தது. அது ரத்தம் குடித்த தெள்ளின் எச்சம்; சந்தேகமே இல்லை, தெள்ளு.

முதலில் ஆள் வைத்து வீடு முழுக்க ஸ்பிரே அடித்தோம். இரண்டே வாரத்தில் மறுபடியும் கணுக்காலில் கடி! கூட்டுக்குள் வளரும் தெள்ளை, அதாவது கூட்டுப்புழுவை, மருந்து அவ்வளவாகத் தொடாது; அது அப்புறம் சாவகாசமாக வெளியே வரும்.

பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லிச் சொட்டு அப்படியல்ல. புதிதாக ஏறுவதையும் கொல்லும், ஏறக்குறைய ஒரு மாதம். சென்னை வெக்கையில் தெள்ளுக்கு ஓய்வுக் காலமே கிடையாது, அதனால் என் ஓட்டு இதற்குத்தான். கூடவே சோபா இடுக்கில் வேக்குவம், விரிப்புக்கு வெந்நீர்.

நாய்க்கான சொட்டைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனையின் உயிருக்கே ஆபத்து.