பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு கூடைப்பந்து கோச்சிங் சென்டர்: மூன்று மாத அனுபவம்

காலை ஐந்தரைக்கே கோச் வந்துவிடுகிறார். இடது கையால் ஐம்பது லே-அப் (வளையத்தை நெருங்கி ஓடிவந்து பந்தைப் போடுவது) போடாதவனை ஆட்டத்தில் இறக்கமாட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தரைதான் மோசம், வளையத்துக்குக் கீழே சிமென்ட் பெயர்ந்து, என் பையனுக்கு இரண்டு முறை முட்டி உரிந்தது.

ஆபீசில் இருப்பவரோ ‘ஸ்கூல் முடிந்ததும் நேராக என்பிஏ’ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) என்கிறார். அண்ணே, லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2005 ஒப்பந்தத்திலிருந்தே, டிராஃப்ட் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) நடக்கும் வருடத்தில் 19 வயதாவது ஆகவேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டும். 2015-இல் டல்லாஸ் அணி 52-ஆவதாக எடுத்த நம்ம நாட்டு சத்னம் சிங், புளோரிடாவில் பல வருடம் பயின்றவர். அவருக்கே என்பிஏ சீசனில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

மாதம் 3,500 ரூபாய், கோச்சுக்காகத் தாராளமாகக் கொடுக்கலாம். ‘ஃபாரின் ஸ்கவுட் பேக்கேஜ்’ (ஸ்கவுட் என்றால் அணிகளுக்கு ஆள் தேடுபவர்) என்று 40,000 கேட்டார்கள். சரி, யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்புறம், பார்க்கிங் கிடையாது.