சுருள்பாசியா, குளோரெல்லாவா?

கடையில் அடுத்தடுத்து வைக்கப்படும் இவ்விரண்டு பச்சை மாத்திரைகளும் ஒரே இனம் அல்ல. குளோரெல்லா, 1890இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் விவரித்த, உட்கரு கொண்ட ஒற்றைச் செல் பச்சைப்பாசி. சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவோ உட்கரு இல்லாத சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. செரிமானத்தில் இந்த வேறுபாடு உடனே தெரியும். குளோரெல்லாவின் தடித்த செல்சுவரை நம் குடல் எளிதில் உடைப்பதில்லை. ஆகவே செல்சுவர் உடைக்கப்பட்டது என்று குறிப்பிட்டிருக்கும் தயாரிப்பையே வாங்க வேண்டும். சுருள்பாசியின் சுவர் மென்மையானது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில் வாழும் கானெம்பு இனப் பெண்கள் அதை வடிகட்டி, வெயிலில் காயவைத்து, அப்படியே குழம்பில் சேர்க்கிறார்கள்.

புரதம்தான் இரண்டுக்கும் பெரிய விளம்பரம். உலர் எடையில் பாதிக்கும் மேல் புரதம் என்பது உண்மையே. ஆனால் நாளொன்றுக்கு 5 கிராம் சுருள்பாசி உண்பவருக்குக் கிடைப்பது சுமார் 3 கிராம், அதாவது அரை முட்டையின் புரதம். அதே அளவில் இரும்புச்சத்து ஏறத்தாழ 1.4 மி.கி.; இந்தியப் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் தினசரி அளவோ 29 மி.கி. இவ்விரு தேவைகளுக்காக மட்டும் இவற்றை வாங்குவது வீண் செலவு என்றே கருதுகிறேன்.

என்னை உண்மையில் கவலைகொள்ள வைப்பது வைட்டமின் பி12. சைவ உணவினர் பலர் சுருள்பாசியை நம்பி பி12 மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி பி12. பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் பழைய சோதனை முறை அதையும் சேர்த்தே எண்ணுவதால், உறையில் அச்சிட்ட எண் பெரிதாகத் தெரியக்கூடும். குளோரெல்லாவில் உண்மையான பி12 இருப்பதுண்டு, எனினும் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு பெரிதும் மாறுகிறது. குறைபாடு உள்ளவருக்கு இரண்டுமே மருந்தாகாது.

சுருள்பாசியின் வலிமை பீட்டா கரோட்டின். உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையம் கிராமத் தொட்டிகளில் வளர்க்கும் எளிய முறைகளை உருவாக்கியதால், தமிழ்நாட்டிலேயே அது வளர்க்கப்படுகிறது என்பதும் ஒரு நன்மை. குளோரெல்லா உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்ற கூற்றுக்கு மனிதர்களிடையே போதிய சான்று இல்லை.

ஆகவே கலப்படமற்ற, சோதிக்கப்பட்ட சுருள்பாசியையே நான் முன்வைப்பேன். திறந்த குளங்களில் வேறு சயனோபாக்டீரியா கலந்தால் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு சேரக்கூடும் என்பதால் ஆய்வகச் சான்று அவசியம். குளோரெல்லாவில் வைட்டமின் கே இருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது; புரதத்தில் உள்ள பினைல்அலனைனை உடல் சரியாகச் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.