கண்டியில் கடைசி நாள்: ரயில் நிலைய ஸ்டாண்டு ஆட்டோ

கண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டாண்டில் ஒரு நாள் முழுக்க ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டோம். அந்த ஆட்டோவையும் அதை ஓட்டிய தம்பியையும் பற்றித்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு, முக்கியமாக என்னைப் போல 'சிலோன்காரர்' வீட்டில் பிறந்தவர்களுக்கு, உதவும்.

நான் கோத்தகிரி. அப்பாவும் அம்மாவும், இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தப்படி 1973-இல் இங்கே வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் பிறந்தது அதற்கப்புறம். என் கணவர் வேலூர்க்காரர். எங்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிடுவோம் என்று அவர்தான் டிக்கெட் போட்டார். அக்டோபரில் ஐந்து நாள்.

நான்காம் நாள் ஓர் ஏஜென்சி வழியாகக் கார் எடுத்திருந்தோம். பாதி நாள் ரத்தினக் கடையிலும் வாசனைத் திரவியத் தோட்டத்திலுமே போய்விட்டது. எதுவும் வாங்காமல் வெளியே வந்தால் டிரைவருக்கு முகம் மாறிவிடும். அப்பா பிறந்த கலஹா பக்கம் போக முடியுமா என்று கேட்டதற்கு, அது ரூட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள்தான் எங்களுக்குக் கடைசி நாள். அதையும் அப்படி விட எனக்கு மனமில்லை. காலை ஏழரைக்கெல்லாம் என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "தமிழ் பேசுவீங்களா?" என்று கேட்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், "என்னக்கா இப்பிடிக் கேக்குறீங்க, நம்ம தமிழ்தானே" என்று முன்னால் வந்தார். சிவப்பு பஜாஜ். பேராதனைப் பூங்கா, வாவி என்கிற ஏரி, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை, சாயங்காலம் ஹோட்டலில் விடுவது என எல்லாம் சேர்த்து 8,000 இலங்கை ரூபாய். மீட்டர் கிடையாது, பேசியதுதான் கணக்கு. ஏறும் முன்பே அவர் இரண்டு தடவை தொகையைச் சொல்லி, "சரியா ஐயா?" என்று என் கணவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தத் தெளிவு எனக்குப் பிடித்தது.

முதலில் பேராதனை. 1821-இல் தொடங்கிய பூங்கா, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி. பனைபோல் நேராக நிற்கும் மரங்களின் சாலையும், ஒற்றை மரமே தோப்பு மாதிரி கிளை பரப்பியிருக்கும் ஜாவா அத்தியும், தலைகீழாகத் தொங்கும் வௌவால்களும் பார்க்க வேண்டியவை. எந்த வாசலில் நுழைந்தால் அத்திமரம் பக்கம், வெயில் ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் தம்பி சொல்லி அனுப்பியதால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அக்கா, நீங்க பேசுறது எங்க ஊருப் பேச்சு மாதிரி இருக்கே. சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?"

அப்பா பிறந்தது கலஹா பக்கம் ஒரு தோட்டம் என்றேன். தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "இங்கருந்து அதே ரோடுதான். மூவாயிரம் கூடக் குடுங்க, போயிட்டு வந்துரலாம். ஆனா சாயங்காலம் சந்தைக்குப் போக நேரம் இருக்காது. பரவாயில்லையா?" என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முந்தைய நாள் காரில் அந்த வார்த்தைக்குத்தான் நான் ஏங்கியிருந்தேன்.

பல்கலைக்கழகத்தைத் தாண்டி ஹிந்தகல வழியாக ரோடு ஏறுகிறது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே பஸ் வந்தால் முழுதாக ஒதுங்கி நின்று ஓட்டினார். நானும் மலையில் வளர்ந்தவள், மலை ரோட்டில் வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று தெரியும். தம்பி ஓட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேயிலை தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, இது கவ்வாத்து வெட்டின மலை, இது இஸ்டோரு, அது பிரட்டுக்களம் என்று காட்டிக்கொண்டே வந்தார். கிளை வெட்டுவது, தொழிற்சாலை, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம் என்று நாம் விளக்கிச் சொல்லுவதற்கெல்லாம் அங்கே ஒவ்வொரு சொல் இருக்கிறது. எல்லாம் என் அம்மா வாயில் கேட்ட சொற்கள். கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் நான் "பீலியில தண்ணி குடிச்சேன்" என்று சொல்லி, வகுப்பே சிரித்து, அதற்கப்புறம் பல வருஷம் அந்தச் சொல்லை வெளியில் சொல்லாமல் இருந்தேன். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம்தான் பீலி. ஒரு வளைவில் ஆட்டோவை நிறுத்தி, "அக்கா, பீலித் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தம்பி கேட்டபோது நான் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் கணவர்தான் இறங்கி பாட்டிலைப் பிடித்தார்.

தோட்டத்தில் அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஐம்பது வருஷம் ஆயிற்று, எதிர்பார்க்கவும் முடியாது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும், "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. "அப்பப் போனவங்க ரொம்பப் பேரும்மா" என்றார்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட நினைத்தேன், எங்கள் சிம்மில் டேட்டா தீர்ந்திருந்தது. நான் கேட்கும் முன்பே தம்பி தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். கோத்தகிரியில் அம்மா எடுத்ததும் முதலில் சொன்னது, "பீலியக் காட்டு." காட்டினேன். அதற்குள் பாட்டி பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்க, இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அக்காவை அழுகைக் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்த நாளைப் பாட்டி சொன்னார். இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அதுதான் பெயர். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். இந்தப் பக்கம் நின்றவர்களும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டது. தம்பி போனையும் பாட்டியையும் ஒரே குடைக்குள் வைத்துக்கொண்டு, தான் நனைந்தபடி பத்து நிமிஷம் நின்றார். கைக்கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சாப்பாடு கலஹா கடைத்தெருவில், அவர் கூட்டிப்போன ஒரு சின்னக் கடையில். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, இஞ்சி போட்ட பிளேன்டீ. மூன்று பேருக்கும் 1,100 ரூபாய். என் கணவர் நாலு ரொட்டி சாப்பிட்டார். கமிஷன் கடையாக இருக்குமோ என்ற சந்தேகம் முந்தைய நாள் அனுபவத்தால் எனக்கு இருந்தது. ஆனால் தம்பி தன் பங்குக்குக் காசை எடுத்து நீட்டினார், நாங்கள்தான் வாங்கவில்லை.

இனி குறைகள். ஆட்டோவின் இடது பக்கத் திரை கிழிந்திருக்கிறது. இறங்கி வரும்போது அடித்த மழையில் என் பையும் சேலைத் தலைப்பும் தொப்பலாக நனைந்தன. ஒரு நாள் வாடகைக்கு வண்டி விடுகிறவர் அதை மாற்ற வேண்டும், அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். பின் சீட்டில் இரண்டு பேர் ஒரு பையுடன் உட்காரலாம், பெட்டியோடு போகிறவர்களுக்கு இடம் போதாது. ஸ்டாண்டு ஆட்களிடமிருந்து அவருக்கு போன் வந்துகொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்தித்தான் பேசினார், இருந்தாலும் நேரம் போகிறது. ஐந்து மணிக்குக் கண்டி என்றவர், பேராதனை நெரிசலில் மாட்டி ஆறேகாலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நேரத்தில் அந்த ரோடு அப்படித்தானாம். போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலதா மாளிகையில் மாலைப் பூசை ஆறரைக்கு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். செருப்பை எங்கே விடுவது, எந்த வரிசை என்று காவலரிடம் சிங்களத்தில் விசாரித்து எங்களை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தம்பி வண்டிக்குப் போனார். பறை முழங்கத் தொடங்கவும் நாங்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

பூசை முடிந்து வாவிக்கரையில் சற்று நேரம் நின்றோம். அது என் கணவருக்கான நேரம். அந்த ஏரியை 1807-இல் வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க வம்சம், தமிழ் பேசியவர். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கும் முத்து மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் இவர் சின்ன வயதில் கிரிக்கெட் ஆடினாராம். "அந்த மனுஷன் ஊரு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு பாரு, எங்க ஊரு வெயில்ல கொண்டுபோய் வச்சிட்டாங்களே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தம்பியிடம் சொன்னபோது, சமாதியின் படம் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஊருக்கு வந்த முதல் ஞாயிறே போய் எடுத்து அனுப்பிவிட்டோம்.

ஹோட்டலில் இறக்கிவிடும்போது மணி எட்டேகால். நேரம் கூடிவிட்டது என்று ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை, பேசிய 11,000 மட்டும்தான். நம் காசில் சுமார் 3,200. நாங்கள் மனதார 2,000 சேர்த்துக் கொடுத்தோம்.

அவருடைய எண்ணைப் பொதுவில் போட மாட்டேன். காலை எட்டுக்கு முன் ஸ்டாண்டுக்குப் போய், தமிழ் பேசும் அண்ணன்மார் யார் என்று கேளுங்கள், சிவப்பு வண்டியைக் காட்டுவார்கள். ஞாயிறு காலையில் மட்டும் கிடைக்க மாட்டார். மகளை வகுப்புக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வாசலிலேயே இருந்து, பன்னிரண்டுக்குத்தான் ஸ்டாண்டுக்கு வருவார்.