நார்வே கப்பல் பயணத்தில் கரைச் சுற்றுலா வாங்குவதற்கு முன்: ஓல்டனில் எங்களுக்கு நடந்தது

நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் உள்நுழைந்து நீளும் ஃபியோர்டுகளைப் பார்க்கக் குடும்பத்தோடு கப்பலில் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கப்பலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அறை, சாப்பாடு, பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் எல்லாம் சொன்னபடியே இருந்தன. துறைமுகத்தில் இறக்கி ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று தனியாகப் பணம் வாங்கிய இடத்தில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். சவுத்தாம்டனில் ஏறி ஸ்டாவாங்கர், ஓல்டன், ஃபிளோம், பெர்கன் என்று போய்த் திரும்பும் பயணம் அது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார். அத்தைக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார். ஏற்றம் என்றால் முடியாது. அவருக்கு ஒரு பனியாற்றை அருகில் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம். ஓல்டனிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரம் போனால் பிரிக்ஸ்டால் பனியாறு. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் மிகப் பெரிய பனியாறான யோஸ்டடால்ஸ்ப்ரீனின் ஒரு கிளை அது.

பஸ் நிற்கும் விடுதியிலிருந்து பனியாற்றுக்கு மேல்நோக்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு 'டிரோல் கார்' என்ற திறந்த சிறு வண்டிகள் ஓடுகின்றன. அதிலும் கடைசிவரை போக முடியாது. இறங்கியபின் இன்னும் பத்துப் பதினைந்து நிமிட நடை இருக்கிறது. இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் முன்பதிவுப் பக்கத்தைப் பார்த்தேன். "எல்லா வயதினருக்கும் ஏற்றது, மிதமான நடை" என்று இருந்தது. மேலே பெரிய படம்: டிரோல் காரில் வயதான தம்பதி சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியும் மனம் ஒப்பாமல் தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் மாமியாருக்கு ஒரு சிரமமும் இருக்காது, வண்டி இருக்கிறது" என்றார் எதிர்முனையில் பேசிய பெண். ஆளுக்கு நூறு பவுண்டை நெருங்கும் கட்டணம். பிள்ளைகளுக்குப் பெயரளவில் குறைத்தார்கள். கட்டினோம்.

அங்கே போய் இறங்கியதும் வழிகாட்டி, "ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வண்டி எங்கே என்று கேட்டேன். "உங்கள் டிக்கெட்டில் வண்டி இல்லை. அது வேறு சுற்றுலா" என்றார். கவுன்ட்டருக்கு ஓடினோம். அன்றைய வண்டிகள் முழுவதும் குழுக்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. ஓர் இடம்கூட இல்லை. அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினார். கப்பல் வரும் நாட்களில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது அரிது என்று அவர் சொன்னதை, எங்களிடம் பணம் வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் அத்தை. கணவர் கூடவே இருக்கிறேன் என்றதற்கு, "பிள்ளைகளை அவள் ஒருத்தி எப்படி மேய்ப்பாள்? போடா" என்று அனுப்பிவிட்டார். சேலைக்கு மேல் கணவரின் பெரிய மழைக்கோட்டு, மடியில் கைப்பை, முன்னால் ஒரு காபிக் கோப்பை. அப்படி விட்டுவிட்டு ஏறினோம். சின்னவள் வழி முழுவதும் "அப்பத்தா ஏன் வரவில்லை?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வழியில் கிளைவாஃபோசன் அருவியைக் கடக்கும்போது சாரல் முகத்தில் அடித்தது. அது அழகான இடம், மறுக்கமாட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடியே கடந்தோம்.

மேலே போனால் இரண்டாவது ஏமாற்றம். முன்பதிவுப் பக்கத்தில் இருந்த இன்னொரு படத்தில் நீலப் பனி நாக்குப்போல் ஏரிவரை இறங்கியிருந்தது. 1990களில் பனியாறு அப்படித்தான் இருந்தது. ஏரிமேல் படர்ந்து நின்றது. 2000க்குப் பிறகு வேகமாகப் பின்வாங்கி, ஏரியை விட்டே வெளியேறிவிட்டது. இப்போது கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தூரத்தில் பாறைச் சரிவின் மேல் பனி தெரிகிறது. அதுவும் பார்க்க வேண்டிய காட்சிதான். உலகம் சூடாவதைக் கண்ணால் காண்கிறோம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தை இன்றைய டிக்கெட்டுக்குப் போடுவது நேர்மையான வியாபாரம் அல்ல. மூத்தவன் "ஐஸைத் தொடலாம் என்றீர்களே?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கீழே இறங்கி வந்தபோது அத்தை விடுதிக்குள் இல்லை. வெளியே, பஸ் நிற்கும் இடத்தில், தூறலில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த குழுவுக்கு மேசை வேண்டும் என்று எங்கள் பஸ்ஸின் வழிகாட்டியே அவரை எழுப்பிவிட்டிருக்கிறார். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டவர்கள்கூட இதைப் பொறுக்கமாட்டார்கள்.

அன்று மாலையே கப்பலில் சுற்றுலா முன்பதிவு மேசைக்குப் போனேன். "விவரித்தபடியே சுற்றுலா நடந்திருக்கிறது" என்பதுதான் பதில். டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்கள். பின்புறம் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் "வண்டிக் கட்டணம் சேராது, ஏற்றமான பாதை" என்று இருந்தது. இந்த டிக்கெட் கப்பல் ஏறிய பிறகு அறைக்கு வந்தது. பணம் கட்டிய பக்கத்தில் அந்த வரியே இல்லை. நல்லவேளையாக அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் குரல் மாறியது. கப்பலுக்குள் செலவழிக்கத் தக்க ஒரு சிறு தொகையைத் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் எழுத்தில் புகார் கொடுத்தேன். கடைசியில் அத்தையின் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஃபிளோமில் நடந்தது இந்த அளவுக்கு மோசமில்லை. அங்கேயும் மலை ரயிலைக் கப்பல் வழியாகவே வாங்கியிருந்தோம். ரத்து செய்யும் கெடு முடிந்திருந்தது. ரயில் அற்புதமானது. 20 கிலோமீட்டரில் கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரத்திலுள்ள மிர்டாலுக்கு ஏறுகிறது; நடுவில் ஷோஸ்ஃபோசன் அருவியருகே நிறுத்தி இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். எங்கள் சுற்றுலா மிர்டாலுக்கு முந்தைய நிறுத்தமான வத்னஹால்சனில் இறக்கி, ஒரு வாஃபிளும் காபியும் கொடுத்து, திரும்பக் கூட்டிவந்தது. ரயில் நிலையமோ கப்பலிலிருந்து நடந்து போகும் தூரம். நிலையத்தில் எழுதியிருந்த கட்டணத்துக்கும் நாங்கள் கொடுத்ததற்கும் இடையிலான வித்தியாசம் ஒரு வாஃபிளின் விலை அல்ல. ஆனால் அன்று நேரில் போய் வாங்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். கோடையில் கப்பல் குழுக்கள் இடங்களை மொத்தமாக எடுத்துவிடுகின்றன. பயணத் தேதி உறுதியானதும் ரயிலின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். கப்பல் புறப்படும் நேரத்துக்குமுன் தாராளமாக இடைவெளி இருக்கட்டும். கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது. அந்த ஒரு பாதுகாப்புக்காகத்தான் தொலைதூரச் சுற்றுலாக்களைக் கப்பலிலேயே வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

பெர்கனில் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் பிரிகெனின் மரவீடுகளைக் கரையோரமாக நடந்தே பார்த்தோம். அங்கிருந்து சில நிமிட நடையில் ஃபிளோய்பானன், பழனி மலை விஞ்ச் போல. சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்தில் கொண்டு விட்டது. அத்தை மேலே பெஞ்சில் உட்கார்ந்து ஊரையும் துறைமுகத்தையும் எங்கள் கப்பலையும் ஆசை தீரப் பார்த்தார். அவருக்கு ஏற்ற இடம் அதுதான். அதற்கு எங்களுக்குச் சுற்றுலாவே தேவைப்படவில்லை.

ஆகவே சுற்றுலாவின் பெயரை நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அந்த இடத்தில் எத்தனை நிமிடம், பஸ்ஸில் எத்தனை நிமிடம், ஏற்றம் உண்டா, படத்தில் உள்ள வண்டி கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஸ்டாவாங்கரில் ப்ரைக்கெஸ்டோலன் என்று பெயர் போட்டிருந்தால், அது 604 மீட்டர் உயரப் பாறைக்கு ஏறும் எட்டுக் கிலோமீட்டர் நடையா, லீசெஃபியோர்டில் படகிலிருந்து அண்ணாந்து பார்ப்பதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் போகும் கப்பல் என்றால் ஏழு சகோதரிகள் அருவியைத் தாண்டித்தான் போகும், மேல்தளத்திலிருந்தே தெரியும். பால்டிக் கடல் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோம் என்று அட்டவணையில் இருந்தாலும் கப்பல் நிற்பது 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள நீனஸ்ஹாமனாக இருக்கலாம். பெர்லின் என்று இருந்தால், கப்பல் நிற்கும் வார்னமுண்டே துறைமுகத்திலிருந்து போகவே மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். சின்னக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள்.

இந்தக் கோடைக்குப் பிரிக்ஸ்டால் சுற்றுலாவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வீட்டில் நடக்க முடியாதவர் யாராவது இருந்தால், டிரோல் காரில் அவர் பெயருக்கு இடம் இருக்கிறதா என்று இன்றே எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், ரத்து செய்யும் கெடு முடியும் முன் பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.