ஹோட்டல் அறையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் முன்: பினாங்குக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தைப்பூசத்துக்கோ கல்யாணத்துக்கோ சும்மா சுற்றிப் பார்க்கவோ ஊரிலிருந்து சொந்தக்காரர்களை ஜார்ஜ்டவுனுக்கு வரவழைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அறை போடுங்கள். விஷயம் தண்ணீர் பாட்டில்தான். அற்பமாகத் தெரியும். ஆனால் அறையைக் காலி செய்யும்போது, கட்டிய டெபாசிட்டில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டில்களுக்கே போய்விட்டது என்று கவுண்டரில் சொன்னால் அப்படித் தெரியாது. ஹோட்டல் பெயரை இங்கே போடவில்லை, கமெண்டில் கேட்காதீர்கள். புகார் போயிருக்கிறது, அது முடியட்டும். தவிர, அந்த ஒரு ஹோட்டலை மட்டும் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. இதைச் சொன்னதும் அலுவலகத்தில் இரண்டு பேர் தங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கும் வேறு இடங்களில் இதே கதைதான் என்றார்கள்.

சென்னையிலிருந்து என் அத்தையும் மாமாவும் தைப்பூசத்துக்கு வந்திருந்தார்கள். நாங்கள் இருப்பது பட்டர்வொர்த்தில், சின்ன ஃப்ளாட். தைப்பூச நேரத்தில் பாலத்திலும் ஃபெரியிலும் படுகிற பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும், வயதானவர்களை வைத்துக்கொண்டு தினமும் கடல் தாண்டுவது ஆகிற காரியமா? அதனால் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அவர்களுக்கு ஓர் அறை எடுத்தோம். 200 வெள்ளி (ரிங்கிட்) டெபாசிட். அறை சுத்தமாக இருந்தது, ஏர்கோன் நன்றாக ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேசைமேல் கெட்டில். அதன் பக்கத்தில் ஒரே அளவு, ஒரே லேபிள், ஒரே நிறத்தில் நான்கு தண்ணீர் பாட்டில்கள். இரண்டின் முன்னால் இலவசம் என்று ஓர் அட்டை. மற்ற இரண்டின் கழுத்தில் வளையம் மாதிரி ஒரு சீட்டு, அதில் ஆங்கிலத்திலும் மலாயிலும் எறும்பு எழுத்தில் 9 வெள்ளி என்று போட்டிருக்கிறது. சீட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் விலையே தெரியும், முன்பக்கம் அருவிப் படம். எது குடித்தாலும் மறுநாள் அறையைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் காலி பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு நான்கையும் நிரப்பி வைத்துவிடுகிறார்கள். மாமா இதைப் பார்த்து "நல்லா கவனிக்கிறாங்கம்மா" என்று எனக்குப் போனில் வேறு சொன்னார்.

இதுவரைக்கும் வியாபாரம். எனக்குக் கோபம் வந்தது அடுத்த விஷயத்தில்தான். வந்த முதல் ராத்திரியே மாமா கீழே போய், குழாய்த் தண்ணீரைக் கெட்டிலில் காய்ச்சிக் குடிக்கலாமா, அத்தைக்கு மாத்திரை போட வெந்நீர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கவுண்டரில் இருந்தவர் சொன்ன பதில், இங்கே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்க முடியாது சார், வயிற்றுக்கு ஆகாது, ரூமில் வைத்திருக்கிற மினரல் வாட்டரையே குடியுங்கள், கெட்டிலிலும் அதையே ஊற்றுங்கள். ரூமில் வைத்திருக்கிறது என்றால் ரூம் வாடகையோடு சேர்ந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? சென்னையில் அவர்கள் வீட்டில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவ. அப்படிப் பழகினவரிடம் குழாய்த் தண்ணீர் ஆகாது என்றால் மறுபேச்சுப் பேசமாட்டார். காபிக்கு, மாத்திரைக்கு, ராத்திரி தாகத்துக்கு எல்லாவற்றுக்கும் பாட்டில்தான்.

காலி செய்கிற நாளில் பில்லைப் பார்த்தால் 12 பாட்டில், 108 வெள்ளி. அதன்மேல் சேவைக் கட்டணம், அதன்மேல் வரி. 120 வெள்ளியைத் தாண்டிவிட்டது. அதாவது இங்கே ஒரு குடும்பம் பல மாதங்களுக்குச் சேர்த்துக் கட்டுகிற தண்ணீர் பில்.

கவுண்டரில் இருந்தது நம் பெண். "அக்கா, டேக்ல விலை போட்டிருக்குலா. சிஸ்டம்ல ஏறிடுச்சு, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சம்பளத்துக்கு நிற்கிறவள். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, விலை எழுதித்தான் இருக்கிறது, விருந்தாளி படிக்காதது எங்கள் தவறில்லை என்று ஆரம்பித்தார். சரி, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சக்கூடக் கூடாது என்று உங்கள் ஆள் சொன்னாரே, அது எங்கே எழுதியிருக்கிறது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் உள்ளே போய் வந்து, நல்லெண்ணத்துக்காகப் பாதியைக் குறைக்கிறோம் என்றார். விலை நியாயமான விலை என்றால் எதற்காகப் பாதியைக் குறைக்கவேண்டும்? அந்தப் பாதியை வாங்கிக்கொண்டோம், மீதிக்குப் புகார் கொடுத்தோம்.

இப்போது அந்தப் பாட்டிலைப் பற்றி. மினரல் வாட்டர், மினரல் வாட்டர் என்றுதான் அவர்கள் வாய்க்கு வாய் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்துவந்த பாட்டிலின் லேபிளில் இருந்தது 'ஆயர் மினுமான்', அதாவது வெறும் குடிநீர். மலேசியாவில் இவை இரண்டும் வேறு வேறு சரக்கு. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி இயற்கைத் தாது நீர் நிலத்தடி ஊற்றிலிருந்து வரவேண்டும், அதில் இருக்கிற தாதுக்கள் அப்படியே இருக்கவேண்டும், லேபிளில் 'ஆயர் மினரல் செமுலாஜாடி' என்று இருக்கும். 'ஆயர் மினுமான்' என்பது எங்கிருந்தோ எடுத்த நீரை வடிகட்டி, பெரும்பாலும் ஆர்.ஓ. முறையில் தாதுக்களையும் சேர்த்து நீக்கி அடைத்தது. குழாய்த் தண்ணீரையே எடுத்து அப்படிச் சுத்தப்படுத்தி அடைக்கலாம், பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, நல்ல தண்ணீர்தான். ஆனால் குழாய்த் தண்ணீர் விஷம் என்று பயம் காட்டிவிட்டு, அநேகமாக அதே குழாய்த் தண்ணீரின் வடிகட்டிய வடிவத்தை மினரல் என்று சொல்லி அரை லிட்டர் 9 வெள்ளிக்கு விற்பது இருக்கிறதே! இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடையில் அதே அளவு பாட்டில் ஒன்று, ஒன்றரை வெள்ளி. அதே சாலையில் உள்ள மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு டம்ளர் 'ஆயர் சுவாம்', அதாவது வெதுவெதுப்பான தண்ணீர், கேட்டால் சில்லறைக் காசு.

இன்னொன்று, அத்தை கவனித்தது. ஒரு பாட்டில் மூடியைத் திருகும்போது சத்தமே வரவில்லை என்றார். புதுப் பாட்டிலில் மூடிக்குக் கீழே ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் தடவை திருகும்போது சடசடவென்று அறுந்து வளையம் கழுத்திலேயே தங்கிவிடும். முன்பெல்லாம் மூடிக்குமேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை ஒன்று சுற்றி வரும், இப்போது அது வருவதில்லை, அதைக் காணோமே என்று சந்தேகப்படவேண்டாம். பார்க்கவேண்டியது வளையத்தை. அது ஏற்கெனவே அறுந்திருந்தால் குடிக்காதீர்கள், அப்படியே எடுத்துப்போய்க் கவுண்டரில் காட்டி மாற்றி வாங்குங்கள். அந்த ஒரு பாட்டிலை மறுபடி நிரப்பி வைத்தார்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் 9 வெள்ளி போட்டிருந்தார்கள்.

சரி, பினாங்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? நாங்கள் காலகாலமாகக் காய்ச்சிக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாநிலத்துக்குத் தண்ணீர் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து, குளோரின் சேர்த்து, சுகாதார அமைச்சின் தரத்துக்குப் பரிசோதித்துத்தான் அனுப்புகிறார்கள். தீவில் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் இருக்கின்றன. அருவித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்த கதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த அருவிப் பக்கமாகத்தான் போகிறார்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு வருவது கடைசியில், பழைய குழாயிலும் கட்டடத்தின் மேலே இருக்கிற தொட்டியிலும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே குழாய் எவ்வளவு பழையது, தொட்டியை எப்போது கழுவினார்கள் என்பது முதலாளிக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் நேராகக் குழாயிலிருந்து குடிக்காமல் காய்ச்சுகிறோம். நன்றாகக் கொதித்துக் குமிழி விட்டால் கிருமிகள் செத்துவிடும். துரு, மண் இருந்தால் காய்ச்சினாலும் போகாது, அது கண்ணுக்கே தெரியும்: வெள்ளை டம்ளரில் பிடித்துப் பாருங்கள், மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருந்தால் அன்றைக்குக் கடை பாட்டில். குளோரின் வாடை கொதித்து ஆறினால் போய்விடும்.

வயதானவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. சீக்கிரம் கொதிக்கும் என்று குளியலறையின் வெந்நீர்க் குழாயிலிருந்து கெட்டிலில் பிடிக்கிறார்கள், அது வேண்டாம். ஹீட்டர் தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீர், உலோகமும் கரைந்திருக்கலாம். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்கவேண்டும். கெட்டிலில் முதல் தடவை கொதிப்பதைக் கொட்டிவிடுங்கள், முன்னால் தங்கினவர் அதில் என்ன காய்ச்சினாரோ. (மெகி காய்ச்சுகிறவர்களை எனக்குத் தெரியும்.)

தண்ணீர் தடைப்பட்டுத் திரும்ப வருகிற நாட்கள் வேறு கணக்கு. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த மாதிரி சமயத்தில் முதலில் வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், தெளிகிற வரை ஓடவிடவேண்டும். கோலாலம்பூர்க்காரர்கள் 2020 செப்டம்பரை மறந்திருக்கமாட்டார்கள். ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் வந்ததும் சிலாங்கூர் ஆற்று நிலையங்களை மூடி, சுமார் 12 இலட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. நமக்கெல்லாம் வாளியோடு அலைந்த ஞாபகம்தான் இருக்கிறது. ஆனால் கெட்ட தண்ணீர் ஆற்றில் வந்தபோது அதைக் குழாயில் விடாமல் நிறுத்தினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு, பொத்தாம்பொதுவாக இந்த ஊர்த் தண்ணீர் ஆகாது என்று வெளியூர்க்காரரிடம் சொல்லிக் காசு பார்ப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில் கட்டணம் ஏறிய பிறகும் வீடுகளுக்கு முதல் 20,000 லிட்டர் வரைக்கும் 1000 லிட்டருக்கு ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. ஹோட்டலுக்கு வணிகக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் அரை லிட்டருக்கு 9 வெள்ளி வராது.

தைப்பூசத்தன்று ஜாலான் உத்தாமா நெடுக தண்ணீர்ப் பந்தல் போட்டு, யார் எவர் என்று கேட்காமல் தண்ணீரும் மோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அத்தை அதைக் குடித்துவிட்டு வந்து ஹோட்டல் பில்லைப் பார்த்தார்.

எல்லா ஹோட்டலும் இப்படி இல்லை. மாடிக்கு ஒரு வடிகட்டி இயந்திரம் வைத்து, அறையில் கண்ணாடிக் குடுவை கொடுத்து, வேண்டுமளவு பிடித்துக்கொள்ளுங்கள் என்கிற இடங்கள் இப்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நிறைய வந்துவிட்டன. அறை போடும்போதே கேளுங்கள்: அறையில் வைக்கிற தண்ணீர் எல்லாமே இலவசமா, மாடியில் பிடித்துக்கொள்ள வசதி உண்டா? பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. சொந்தக்காரர்கள் அறைக்குள் போனதும் மேசையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காசுப் பாட்டில் இருந்தால் அன்றைக்கே எடுத்துப்போகச் சொல்லிவிடலாம், கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஒரு ஐந்தரை லிட்டர் பாட்டிலைக் கடையில் வாங்கி அறையில் வைத்துவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்றிரண்டு நாள் ஓடும்.

மாட்டிக்கொண்டால் பில், டேக், லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுக்கலாம், இணையத்திலேயே கொடுக்க முடியும். தவறான தகவல் சொல்லி விற்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 60 வெள்ளிக்காகவா என்று மாமா சிரிக்கிறார். சிரிக்கட்டும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று மட்டும் கவனம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி என்று பில்லில் தனியாக வரும். அது 2017 செப்டம்பரிலிருந்து இருக்கிற அரசாங்க வரி, ஹோட்டல்காரன் அடிக்கிற கொள்ளை இல்லை. மாமா அதற்கும் சேர்த்துச் சண்டைக்குக் கிளம்பினார், நான்தான் பிடித்து நிறுத்தினேன்.