டிரை டாக் முடிந்தும் அடங்காத கூரைப் பலகை: ஒரு கப்பல் கேபின் அனுபவம்

கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் கேபின்களின் கூரைப் பலகைகளைக் கழற்றி மாட்டி, இனிச் சத்தம் வராது என்று உறுதி கூறி அனுப்பினார்கள். துறைமுகத்தை விட்டு வெளியேறி என்ஜின் வேகத்தைக் குறைத்ததும், என் படுக்கைக்கு நேர் மேலே இருக்கும் பலகை பழையபடியே ரீங்கரிக்கத் தொடங்கிவிட்டது. விடுப்பில் குன்னூருக்கு வந்திருக்கும் என்னிடம், கப்பல் வேலையில் சேரவிருக்கும் கோத்தகிரித் தம்பி ஒருவன், "அண்ணா, கேபின் வசதியாக இருக்குமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

வசதிக்குக் குறைவில்லை. கப்பல் பணியாளரின் வேலை, தங்குமிட வசதிகளுக்கான பன்னாட்டு விதிகளைக் கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிறகு கட்டப்பட்ட பல்க் கேரியர், அதாவது மூட்டை கட்டாத சரக்கை மொத்தமாக ஏற்றும் கப்பல் இது. இதைப் போல மொத்த டன்னளவு (ஜி.டி.) 10,000-மும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் அதிகாரி அல்லாத பணியாளரின் தனியறைக்கு 7 சதுர மீட்டரும், தனி அமர்வறை இல்லாத அதிகாரியின் அறைக்கு 10 சதுர மீட்டரும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். தேர்ட் இன்ஜினியரான எனக்கு அந்தப் பத்தும் கிடைத்திருக்கிறது. எந்நேரமும் வெந்நீர் வரும் குளியலறை உண்டு. ஆடிச் சாரலில் நாட்கணக்காகத் துணி காயாத ஊரில் வளர்ந்தவனுக்குக் கப்பலின் துணி உலர்த்தும் அறை ஒரு சொர்க்கம். கப்பல் பக்கவாட்டில் கடுமையாக உருளும் இரவுகளில், நீளவாக்கில் கிடக்கும் கட்டிலை விட்டுவிட்டுக் குறுக்குவாக்கில் இருக்கும் சோபாவில் படுத்தால் புரண்டு விழாமல் உறங்கலாம் என்பது நான் எதிர்பாராத லாபம்.

ஆனால் அந்தப் பலகை. எங்கள் குடியிருப்புப் பகுதி கப்பலின் பின்புறத்தில், என்ஜின் அறைக்கு மேலேயே இருக்கிறது. என்ஜினின் அதிர்வும் புரொப்பெல்லரின் அதிர்வும் இரும்பு வழியாக ஏறி வந்து, மெல்லிய தகடுகளுக்கிடையே பாறைப் பஞ்சு வைத்துச் செய்த பலகைகளை உலுக்குகின்றன. ஒவ்வொரு பலகைக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. என்ஜினின் சுழற்சி அதைத் தொட்டவுடன் பலகை பாடத் தொடங்கிவிடும். எரிபொருளை மிச்சப்படுத்த நாங்கள் பெரும்பாலும் ஓடும் மெதுவான வேகத்தில்தான் என் பலகைக்குக் குரல் வருகிறது. புதிய கப்பல்களுக்கான பன்னாட்டு விதி, 10,000 ஜி.டி.யும் அதற்கு மேலும் உள்ளவற்றின் கேபின்களில் இரைச்சல் 55 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்த அளவீடு, என்ஜின் தொடர்ந்து தரக்கூடிய உச்சத் திறனில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஓடும்போது எடுக்கப்படுவது. சான்றிதழில் அமைதியாக இருக்கும் அறை, அளக்காத வேகத்தில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சத்தத்தின் அளவு பெரிதல்ல. தகரக் கூரையில் மழை கொட்டும் வீட்டில் அயர்ந்து தூங்கி வளர்ந்தவன் நான். ஓயாமல் கொட்டும் சத்தம் தாலாட்டாகிவிடும், நின்று நின்று வரும் ரீங்காரமோ அடுத்து எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கும். இரவில் ஆளில்லாமல் இயங்கும் என்ஜின் அறையின் அலாரம், டியூட்டி நாளில் என் கேபினிலேயே அலறும். அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு என்பது விதி. ஓய்வு நேரப் பதிவேட்டில் எனக்கும் அது ஒழுங்காகவே நிரம்புகிறது.

டிரை டாக்கில் வேலை செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு பலகையை இறுக்கினால் இடைவெளி அடுத்த பலகைக்கு நகர்கிறது. பக்கத்து அறையில் இருந்த ரீங்காரம் உண்மையிலேயே நின்றுவிட்டது. அட்டையை மடித்து இடுக்கில் செருகினால் என் அறையிலும் நிற்கும், கப்பல் நன்றாக உருண்டு அட்டை நழுவும் வரை.

தம்பியிடம், இந்தக் கப்பல் கிடைத்தால் தயங்காமல் சேர், இதைவிட நல்ல கேபின் முதல் வேலையில் அமைவது அரிது என்று சொல்லியிருக்கிறேன். அதே கப்பலுக்கு மறுபடியும் வரச் சொல்லி எனக்கு வந்த அழைப்புக்கு, முடியாது என்று பதில் அனுப்பிவிட்டேன்.