லாங் கேபிளுக்குக் காசு வாங்கிவிட்டு பழைய கேபிளிலேயே அனுப்பிவிட்டார்கள்

கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் வண்டிக்கு உயரமான ஹேண்டில்பார் போடலாம் என்று யோசிக்கிற மலைக்காரர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது.

என் வண்டி டாமினார் 400 பைக். நான் ஆறடிக்குக் கொஞ்சம் மேல். கோத்தகிரியிலிருந்து மைசூர், வயநாடு என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கிளம்பிவிடுவேன். மூன்று மணி நேரம் தாண்டினால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி வலிக்கும், இறக்கத்தில் இன்னும் மோசம், உடம்பு பாரம் முழுக்க மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பார் இரண்டு இஞ்ச் உயர்ந்தால் முதுகு நிமிரும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தப்பில்லை.

கடையில் இருந்த தம்பி நன்றாகத்தான் பேசினான். "ஏனுங்ண்ணா, பார் மட்டும் மாத்துனா பத்தாதுங்ண்ணா, வண்டியோட வந்த ஸ்டாக் கேபிள் எட்டாது. கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஆயில் போற பிரேக் ஹோஸ் மூணும் நீளமா போட்டே ஆகணும்" என்று அவனே சொன்னான். இவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் வேறு. பார் 3,200, கேபிளும் ஹோஸும் சேர்த்து 3,400, லேபர் 800. மொத்தம் 7,400 ரூபாய். மூன்று மணி நேரத்தில் வாருங்கள் என்றான். சாப்பிடப் போய்விட்டேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்காமல் போனது என் முட்டாள்தனம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்தத் தெருவிலேயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், நேர் ரோட்டில் சோபாவில் உட்கார்ந்த மாதிரி சுகம். பழைய பாரைக் கேட்டதற்கு "அது உள்ள எங்கயோ மாட்டிக்கிச்சுங்ண்ணா, அடுத்த தடவை வர்றப்ப வாங்கிக்கங்க" என்றான். பில் கேட்டதற்கு மொத்தத் தொகையை மட்டும் பென்சிலில் எழுதி ஒரு துண்டுச்சீட்டு தந்தான். ஜிபே பண்ணிவிட்டுக் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் ஏறும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. குஞ்சப்பனை தாண்டி மூடுபனி. இடது பக்கம் மடங்குகிற ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து அரசு பஸ் இறங்கியது. பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும், அதனால் நான் உள்பக்க ஓரத்தை ஒட்டி, ஹேண்டிலை ஏறக்குறைய முழுசாக இடதுபக்கம் ஒடித்தேன். ஆக்சிலேட்டரை நான் முறுக்கவே இல்லை. இஞ்சின் தானாக அலறியது, வண்டி பஸ்ஸின் முன்சக்கரத்தைப் பார்த்துப் பாய்ந்தது. கிளட்சைப் பிடித்து, காலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டேன். டிரைவர் ஜன்னல் வழியாகக் குடிகாரனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் வீடு வரைக்கும் ஒவ்வொரு வளைவும் பயம்தான். வலது பக்க வளைவில் வேறு கதை. இஞ்சின் சத்தம் ஏறும், வண்டி இழுக்காது, கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். மீட்டரில் 1,500-ல் இருந்த ஆர்பிஎம் 3,000 தாண்டியது. ஒன்றும் பேசாமல் டேங்கைக் கழற்றினார்.

கிளட்ச் கேபிளில் சிவப்பு இன்சுலேஷன் டேப். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபிரேமில் உரசாமல் இருக்க நானே சுற்றியது! லாங் கேபிளுக்கு என்னிடம் காசு வாங்கியவர்கள் என் பழைய கேபிளையே திருப்பி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஃபிரேம் கழுத்தில் கேபிள் நுழைந்து போகிற வளையம் ஒன்று இருக்கும். அதிலிருந்து இரண்டு கேபிளையும் உருவி, குறுக்குவழியில் நேராக இழுத்துக் கட்டி, அந்த இரண்டு இஞ்சை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஹேண்டில் நேராக இருக்கும்வரை எட்டும். இடதுபக்கம் ஒடித்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு இஞ்சின் ஏறும், வலதுபக்கம் ஒடித்தால் கிளட்ச் கேபிள் இழுபட்டு பாதி கிளட்ச் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

பிரேக் ஹோஸ்தான் வயிற்றைக் கலக்கியது. அதுவும் பழையதுதான், கிளிப்பிலிருந்து பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். மெக்கானிக் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, முன்பக்க ஷாக்கான ஃபோர்க் முழுசாக நீண்டதும் ஹேண்டிலை இடதுபக்கம் திருப்பி, "தொட்டுப் பாருங்க சார்" என்றார். வீணைத் தந்தி மாதிரி விறைப்பு. ரப்பர் இரும்பு முனைக்குள் நுழைகிற இடத்தில் முடி அளவுக்கு வெடிப்புக்கோடுகள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தாலும் ஃபோர்க் இப்படித்தான் நீளும். இறக்கத்தில் அது பிய்த்துக்கொண்டிருந்தால் முன் பிரேக் இல்லை, அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு சுவிட்ச் பெட்டி ஆடியது. பாரில் அதற்கு ஒரு ஓட்டை போட்டு, பெட்டிக்குள் இருக்கிற சின்ன முளையை அதில் உட்கார வைக்க வேண்டும். ஓட்டை போடச் சோம்பேறித்தனம், முளையை அராவி எடுத்துவிட்டார்கள்.

பாருக்கு ஒன்றும் குறை இல்லை. அதையே வைத்துக்கொண்டு, அளவெடுத்து இரண்டு கேபிளும், ஸ்டீல் பின்னல் ஹோஸும் வரவழைத்து, புது காப்பர் வாஷர் போட்டு, டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்து, கிளட்ச் பிளேட்டும் மாற்றியதில் இன்னொரு 9,000 சொச்சம் ஆனது.

யாராவது இந்த வேலைக்குக் கொடுத்தால், காசு கொடுப்பதற்கு முன்னால் கடை வாசலிலேயே இஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஆர்பிஎம் அசையக் கூடாது, லீவரில் தளர்வு அப்படியே இருக்க வேண்டும், பார் டேங்கில் முட்டக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லி ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய கேபிளைக் கையில் கேளுங்கள், புதுசு போட்டிருந்தால் பழசு மேஜை மேல் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக வரட்டும். ஒரு நேர் ரோடு ரவுண்டு எதையும் காட்டாது, நான் ஓட்டிப் பார்த்தேனே.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை "ட்ரையல் ஓட்டி ஓகேன்னு சொல்லிட்டுத்தானுங்ண்ணா போனீங்க" என்றான். டேப் போட்டோவை அனுப்பியதும் "பில் இருக்குங்களா?" என்று கேட்டான். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, துண்டுச்சீட்டு, போட்டோ, இவ்வளவுதான் கையில் இருக்கிறது.

பழைய பார் இன்னும் அங்கேதான். அடுத்த வாரம் வாங்கண்ணா என்கிறான், இது நாலாவது அடுத்த வாரம்.